மோரிப் கரையும் எங்கள் ஏரியும்

ஈர மண்ணைக் கண்டால் என் வீட்டுக்காரர் நின்றுவிடுவார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். வலது குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் இறக்குவார். காலை எடுத்த பிறகு குனிந்து, அந்தக் குழியில் தண்ணீர் ஊறுகிறதா என்று பார்ப்பார். மழை விட்ட தெரு, ஆற்றங்கரை, புதிதாக மண் கொட்டிய மனை, எதுவானாலும் சரி. ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், நான் பட்டுப்புடவையோடு பக்கத்தில் நிற்க, மண்டப வாசலிலேயே செய்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் எங்கேயோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் பெயர் ஜான்சன். காஞ்சிபுரத்தில் ஓரிக்கைப் பக்கம் குடியிருக்கிறோம். சொந்தமாக ஒரு குட்டி யானை ஓட்டுகிறார். சின்ன சரக்கு வண்டியை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்கு மரச்சாமான், சாயம் போட்ட நூல் மூட்டை, தறியில் பூட்டச் சுற்றிய பாவு நூல் எல்லாம் ஏற்றுவார். உற்சவ நாட்களில் பந்தல் கம்பும் அண்டாவும் ஏற்றுவார். இந்தத் தொழிலுக்கும் மண்ணை மிதித்துப் பார்ப்பதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பழக்கம் அவருடைய தாத்தாவால் வந்தது.

தாத்தா தாவீது இரண்டாம் உலக யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்தவர். வாலாஜாபாத்துக்கு அப்பால், ஒரு ஏரியை ஒட்டிய காலனி அவர்கள் ஊர். அந்தக் காலத்தில் காலனிக்காரர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. ஊர்த் தெரு வழியாகக் காலில் செருப்போடு போகவும் முடியாது. பட்டாளம் முடிந்து வந்த தாவீது, பஸ்ஸை விட்டு இறங்கி, பூட்ஸ் காலோடு அந்தத் தெருவின் நடுவில் நடந்து காலனிக்கு வந்து சேர்ந்தார். இந்தக் கதையை நான் மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டேன். சொன்னவர் எல்லம்மாள் அத்தை, தாவீதின் கடைசி மகள். தாய் தகப்பன் இல்லாத ஜான்சனை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். இப்போதும் அந்தக் காலனியில்தான் இருக்கிறார்.

"எங்க நைனா பூட்ஸ் போட்டுக்கினு நடக்கசொல்ல டக்கு டக்குனு சத்தம் கேக்குமாம். தெருவே வெளிய வந்து பாத்துச்சாம். ஒருத்தன் வாயத் தெறக்கல. ஏன் தெறக்கல சொல்லு?" என்று என்னைக் கேட்பார்.  அவரே பதிலும் சொல்வார். "ஜப்பான்காரன சுட்ட கை அது. பயம்."

அந்தக் கதையில் ஒரு கடற்கரை வரும். மோரிப் என்று பெயர். மலேயாவில் இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கும்போது சேறு தொடை வரைக்கும் இருந்ததாம். லாரியெல்லாம் முங்கிப்போனதாம். அந்தச் சேற்றில் நின்றுகொண்டே நைனா சுட்டாராம்.

ஜான்சன் பன்னிரண்டாவது வரை படித்தவர். நான் எட்டோடு நின்றுவிட்டேன். அதுவரை எங்கள் வீட்டில் அவர் பைபிளைத் தவிர வேறு புத்தகம் எடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் சவாரி இல்லாத மத்தியானத்தில், வண்டிக்குள் உட்கார்ந்து செல்போனில் மோரிப் என்று தேடியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்ததுதான். இங்கிலீஷ் பக்கங்களைப் போட்டோ எடுத்து, போனிலேயே தமிழாக்கி, புரியாத இடத்தை நாலு தடவை படிப்பார். நூலகத்துக்குப் போனார். சென்னைக்குச் சவாரி கிடைத்தால், வாடகையைக் குறைத்துக்கொண்டாவது போய், பழைய புத்தகக் கடைகளில் தேடினார்.

தெரிந்துகொண்டதை எல்லாம் என்னிடம்தான் சொல்வார். நான் குறுக்கே பேசமாட்டேன் என்பதால் இருக்கலாம். அந்தப் படையெடுப்புக்கு எத்தனை மாதம் ஏற்பாடு நடந்தது, எந்தெந்தத் துறைமுகத்தில் ஆட்களைச் சேர்த்தார்கள், நம் சென்னையிலிருந்தும் எப்படிக் கப்பல்கள் கிளம்பின என்று காய் நறுக்கும் என் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போவார். கரையில் முதலில் இறங்க வேண்டியதைக் கப்பலில் கடைசியாக ஏற்ற வேண்டும் என்று படித்த நாளில் அவருக்குப் பிடிபடாத சந்தோஷம்.

"இத்த நான் தெனம் செய்யறேன் எஸ்தர். மொத வீட்டு சாமான கடைசியாத்தான ஏத்தறேன்?"

கரையின் மண் எப்படி என்று தெரிந்துகொள்ள, சின்னப் படகில் ஆட்கள் ரகசியமாகப் போய் ஆழம் பார்த்தார்களாம். அவர்களில் சிலர் திரும்பவே இல்லையாம். விமானத்திலிருந்தும் படம் எடுத்தார்கள். அத்தனை செய்தும் மோரிப்பில் கணக்கு தப்பிப்போனது. மேலே மெல்லிசாக மணல், கீழே சேறு. மேலிருந்து பார்த்தவர்களுக்கு மணல்தான் தெரிந்தது. வண்டிகள் இறங்கின, புதைந்தன. இதைப் படித்த பிறகுதான் குதிகாலால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் வந்தது. கூடவே ஊறுகாய் பாட்டில்களும் வந்தன. தென்னேரி மண் ஒன்றில், மாகறல் ஆற்று மண் ஒன்றில், கூரத்து வயல் மண் ஒன்றில். என் சமையல் அலமாரியில் வரிசையாக நின்றன. அவசரத்தில் என் தங்கை ஒன்றைத் திறந்து, "இன்னாக்கா, பொடி கட்டி தட்டிப்போச்சு?" என்று முகர்ந்து பார்த்தாள்.

தறி வீடுகளில் இவர் ஆராய்ச்சி தெரிந்துபோயிற்று. அதிகம் கேட்பவர் வேலாயுதம் ஐயா. பிள்ளையார்பாளையத்தில் பல தறி வைத்திருப்பவர். இவர் சாமான் இறக்கப் போனால் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்.

"இன்னாப்பா ஜான்சன், ஜப்பானப் புடிச்சிட்டியா இல்லியா?"

"இன்னும் கப்பல் ஏத்திக்கினு இருக்கறேன்யா."

"சீக்கிரம் ஏத்து. எம் பாவு ரெண்டு நாளா ஒன் வண்டியில கெடக்குது."

வந்த வியாபாரிகளிடமும், "இவன் தாத்தா ஜப்பான்காரன சுட்டவரு. சாதாரண ஆளுன்னு நெனச்சிடாதீங்க," என்று சொல்வார். இவர் சிரித்துக்கொண்டு நிற்பார். முன்பெல்லாம் அப்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பார். சில நாட்கள் நானும் கூடப் போவேன், பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் அதே பேச்சு வந்தபோது இவர் நிமிரவில்லை. தரையைப் பார்த்தார். பாவை இறக்கியதும் காபி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். வீட்டிலும் மோரிப் பேச்சு நின்றுபோயிற்று. நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லமாட்டார், கேட்காவிட்டால் சொல்வார் என்று தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது, நான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க சண்டையே நடக்கல எஸ்தர்."

"எங்க?"

"மோரிப்ல. ஆகஸ்ட் மாசமே ஜப்பான் தோத்துட்டேன்னு சொல்லிட்டான். ஏற்பாடெல்லாம் செஞ்சி வெச்சது வெச்சபடியே இருந்ததால, செப்டம்பர் ஒம்போதாந்தேதி போய் எறங்கினாங்க. கரையில சுட ஆளே இல்ல. வண்டிங்க சேத்துல மாட்டிக்கினு கெடந்துச்சி. தாத்தா அன்னிக்கு வண்டி தள்ளியிருப்பாரு. வேற இன்னா செஞ்சிருக்க முடியும்?"

"வேற எங்கயாவது சுட்டிருக்கலாமில்ல?"

"அதுக்கு முன்னாடி அவரு கடல் தாண்டினதே இல்ல. அத்தையே சொல்லுது, மொத கப்பல் அதுதான்னு."

சோப்புத் தண்ணீர் காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். "ஐயாகிட்ட சொல்லணும். ஆனா அத்தகிட்ட யாரு சொல்றது?" என்றார். நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அத்தையிடமிருந்து அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கினால், ஊர்த் தெருவில் நைனா நடந்த நடையும் கூடவே போய்விடும். அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அத்தையிடம் இருவருமே சொல்லவில்லை.

போன வருடம், தாத்தா கரையிறங்கி எண்பது வருடம் ஆகிறது என்று இவர் எப்போதோ சொன்னதை அத்தை பிடித்துக்கொண்டார். நைனா கல்லறையில் சின்ன சிலுவைதான் இருக்கிறது, பெரிய கல்லாக நட வேண்டும், செப்டம்பர் ஒன்பதாம் தேதியே நட வேண்டும் என்றார். கல்லில் எழுத வேண்டியதையும் போனில் அவரே சொன்னார். 'ஜப்பானியரைச் சுட்டு வீழ்த்திய மாவீரர் தாவீது.'

"அத்த, போரில் பணியாற்றியன்னு போட்டா போதாதா?" என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

"பணியா? இன்னா பணி? அங்க போய் டீ ஆத்துனாரா எங்க நைனா?"

இவர் போனை வைத்தார். தானே கல் கொத்துகிறவரிடம் போய், அந்த வரியைச் சொல்லி எழுத வைத்தார். எழுத்து வெட்டி முடித்த கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, எழுத்து தெரியாதபடி சாக்குப் போட்டு மூடினார். வேலாயுதம் ஐயாவைத்தான் கல்லைத் திறந்துவைக்கக் கூப்பிட்டிருந்தார் அத்தை. ஐயா ஒரு படி மேலே போய், கல்லைப் போர்த்தத் தன் தறியில் நெய்த அரக்கு நிறப் பட்டுத் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

காலனியின் கல்லறைத் தோட்டம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்கு இரண்டு வழி. ஒன்று ஊர்த் தெரு வழியாகப் போகும் தார் ரோடு. இன்னொன்று ஏரிக்குள் இறங்கிப் போகிற தடம். அந்தக் காலத்தில் காலனிப் பிணத்தை ஊர்த் தெருவில் தூக்கிப்போக விடமாட்டார்கள். ஏரியில் தண்ணீர் இருந்தால் கரையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். வற்றியிருந்தால் உள்ளே இறங்கிப் போவார்கள். இப்போது அந்தத் தெருவில் பஸ் போகிறது. காலனிப் பிள்ளைகள் பைக்கில் போகிறார்கள். யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஆனாலும் கல்லறைக்கு என்று கிளம்பினால் கால் தானாக ஏரிப்பக்கம் திரும்பிவிடும். பிணமோ பூமாலையோ, எதுவானாலும் ஏரிதான். ஏன் என்று ஒருவரும் கேட்டு நான் கேட்டதில்லை.

அன்று காலையில் இவர் புதுச் சட்டை போட்டிருந்தார். காலில் ஷூ. "நைனா பேரன் செருப்புக் காலோட வந்தா நல்லாவா இருக்கும்?" என்று அத்தை வாங்கி வைத்திருந்தது. கல்லை வண்டியில் படுக்கவைத்து, மேலே பட்டைப் போர்த்திக் கட்டியிருந்தோம். முன்சீட்டில் இவர் பக்கத்தில் நான். அத்தையும் காலனிக்காரர்களும் முன்னாலேயே நடந்து போயிருந்தார்கள். தார் ரோடும் ஏரித் தடமும் பிரிகிற இடத்தில் இவர் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. ஏரிக்குத் திருப்பினார்.

ஏரி வற்றியிருந்தது. முந்தின வாரம் மழை பெய்திருந்தாலும் மேல்மண் காய்ந்து, வெடிப்பு விட்டு, வெள்ளையாகத் தெரிந்தது. தடத்தின் ஓரம் இவர் வண்டியை நிறுத்தினார். இறங்கப் போகிறார், ஷூவைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். எதிர்க்கரையில் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. வேலாயுதம் ஐயாவின் வெள்ளைக் காரும் அங்கே நின்றது. அவர் தார் ரோட்டில் நேராக வந்து சேர்ந்துவிட்டிருந்தார். எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் தன் ஷூவைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், கியரைப் போட்டார்.

எதிர்க்கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. சத்தமே இல்லை. இவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரம் சுற்றிச் சுற்றிக் கறுப்புச் சேற்றை வாரி இறைத்தது. வண்டி இன்னும் கீழே போயிற்று. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் இரண்டும் காணோம். கல் ஒரு பக்கமாகச் சரிந்து, பட்டு முழுவதும் சேறு.

அத்தை முதலில் வந்தார். பிறகு காலனி ஆம்பளைகள். நான் கரையேறி நின்றேன். எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். தள்ளத் தள்ள அவர்கள் கால்களும் புதைந்தன. கொஞ்ச நேரத்தில் ஊர்த் தெருவிலிருந்து மாணிக்கவேல் டிராக்டரைக் கொண்டுவந்து கரையில் நிறுத்தினார். வயல்காரர், நாற்பது வயதுக்காரர். யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"இன்னா ஜான்சன், யானைய குளிப்பாட்டக் கூட்டியாந்தியா?" என்று கரையிலிருந்தே சிரித்தார். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். கயிற்றை இவரிடம் வீசிவிட்டு அவர் கேட்டார். "அது சரிப்பா, நல்லா ரோடு இருக்கசொல்ல ஏரில எதுக்கு எறங்குனே?"

"கல்லறைக்கு இப்படித்தாண்ணே போறது."

"யாரு சொன்னா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். காலனி ஆம்பளைகளும் நின்றார்கள்.  சேற்றில் நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டதைக் கரைமேலிருந்து நான் பார்த்தேன்.

மாணிக்கவேல் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, பேச்சை மாற்றினார். "கவலப்படாத. ஒங்க தாத்தா மட்டும் இருந்திருந்தா ஜப்பான்காரன சுட்டா மாதிரி இந்தச் சேத்தையும் சுட்டுத் தள்ளியிருப்பாரு."

"அவரு யாரையும் சுடலண்ணே," என்றார் என் வீட்டுக்காரர்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. இடுப்புவரை சேறு. தெறித்த சேற்றில் புதுச் சட்டையின் நிறமே தெரியவில்லை. "அங்க சண்டையே இல்ல. முன்னாடியே முடிஞ்சிபோச்சி. அவரும் இப்படித்தான் வண்டி தள்ளிக்கினு நின்னாரு. எனக்கு ரொம்ப நாளா தெரியும். தெரிஞ்சேதான் கல்லுல எழுத வெச்சேன்."

வேலாயுதம் ஐயா கரையோரம் வந்திருந்தார். அவர் எதுவும் கேட்காதவர் போல் தன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. நகரவும் முடியவில்லை.

அத்தை சேற்றுக்குள் இறங்கினார். இவரை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வண்டிப்பக்கம் போய், பட்டுத் துண்டை விலக்கி, கல்லில் கையை வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வெட்டிய எழுத்தின்மேல் விரலை ஓட்டினார்.

"சுடவே இல்லியா?"

"இல்ல அத்த."

"பூட்ஸ் போட்டுக்கினு தெருவுல நடந்தாரே. அதுவும் இல்லியா?"

"அது நடந்தாரு. அத நீயே ஊர்ல பல பேர் சொல்லக் கேட்டிருக்கியே."

அத்தை கல்லிலிருந்து கையை எடுத்தார். பிறகு இவரைத் திரும்பிப் பார்த்தார். சொன்னது இவரிடம் மட்டும். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"யாரையும் சுடாத கைய வெச்சிக்கினே அந்த மனுசன் தெருவுல நடந்திருக்காரு. நீ வண்டி, லைசென்சு, தார் ரோடு எல்லாம் வெச்சிக்கினு ஏரில எறங்குன. த்தூ."

பிறகு, "இந்தக் கல்ல இன்னிக்கு நடாத. அந்தப் பொய்ய அழிச்சிட்டு எடுத்தா. தெரு வழியா எடுத்தா," என்று சொல்லிவிட்டுக் கரையேறி வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போனதும் தெரு வழியாகத்தான். செருப்பு ஏரியிலேயே மாட்டிக்கொண்டதால் சேற்றுக்காலோடு போனார்.

மாணிக்கவேல் வண்டியை இழுத்துக் கரையேற்றினார். காசு வாங்கவில்லை. சிரிக்கவும் இல்லை. வேலாயுதம் ஐயா காரில் ஏறும் முன் இவர் தோளைத் தட்டப்போய், சேற்றைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். பட்டுத் துண்டை நான் நாலு தண்ணீரில் அலசினேன். அரக்கு நிறம் வெளுத்து, ஜரிகை ஓரத்தில் கறுப்புத் தங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஐயா அதைப் பற்றி இதுவரை கேட்கவில்லை. ஜப்பானைப் பிடித்தாயா என்றும் இப்போது கேட்பதில்லை. "வந்தியா, எறக்கிட்டுப் போ," என்பதோடு சரி. அந்தக் கேலிக்காக என் வீட்டுக்காரர் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

ஊறுகாய் பாட்டில்களை அவரே எடுத்துக் கொட்டிவிட்டார். கழுவி என்னிடம் கொடுத்தார். அவற்றில் இப்போது பருப்பும் வெந்தயமும் இருக்கின்றன. புத்தகங்களைத் தொடுவதில்லை. ஒரே ஒரு தடவை, சோறு போடும்போது தானாகச் சொன்னார். "அவங்க மண்ணு தெரியாம மாட்டிக்கினாங்க எஸ்தர். நான் மண்ணு தெரிஞ்சே மாட்டிக்கினேன்." நான் ரசத்தை ஊற்றினேன். 

கல் கொத்துகிறவர் அந்த வரியைத் தேய்த்து எடுத்துவிடலாம், ஒரு நாள் வேலைதான் என்கிறார். மாணிக்கவேல் இரண்டு தடவை போன் செய்து, எப்போது வருகிறாய், நானும் கூட வருகிறேன் என்று கேட்டுவிட்டார். இவர், "வரேண்ணே, வரேண்ணே," என்கிறார். அத்தை எங்களோடு பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் மட்டும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன். வாங்கிக்கொண்டார். இவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல் எங்கள் வீட்டுப் பின்சுவரில், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்ந்திருக்கிறது. வரி இன்னும் அழிக்கப்படவில்லை. தாவீது தாத்தா கல்லறையில் பழைய சின்ன சிலுவைதான் இருக்கிறது.